எண்ணி முடித்த பின் கணிப்போம்

தேர்தல் கணிப்பாளர்களைக் கேலி செய்வது பாவம். அதுவும் புதுச்சேரியில் கணிப்பது எவ்வளவு எளிது! 2021 கணக்குப்படி தொகுதிக்குச் சராசரியாக 33 ஆயிரம் வாக்காளர்கள்தான். நேரு வீதியில் நான்கு பேரிடம் கேட்டால் போதும். ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாம் தொகுதியும் கேரளத்துக்குள் இருக்கும் மாஹே தொகுதியும் அந்த நால்வரின் மனசாட்சிப்படிதானே வாக்களிக்கப்போகின்றன?

2021-ல் என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமி தட்டாஞ்சாவடியில் ஜெயித்தார், ஏனாமில் ஒரு சுயேச்சையிடம் தோற்றார். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே சின்னம். ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு சுத்தமான சோதனை அமையாது. மொத்தம் 6 சுயேச்சைகள் ஜெயித்தார்கள், தி.மு.க.வுக்கும் பா.ஜ.க.வுக்கும் கிடைத்த அதே 6. எண்ணிக்கை முடிந்த அன்று மாலையே எல்லாருக்கும் காரணம் விளங்கிவிட்டது. விஞ்ஞானம் என்றால் இதுதான்.

கணிப்பே நடப்பை மாற்றிவிடும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் 1948-லேயே எச்சரித்தார். நம் சட்டமும் அதை மதித்து, வாக்குப்பதிவு முடியும்வரை வாக்குக்கணிப்பை வெளியிடத் தடை விதித்திருக்கிறது. தடையை முடிவு அறிவிக்கும்வரை நீட்டித்தால் கணிப்புத் துறையின் மானமும் காப்பாற்றப்படும்.

அதைவிடச் சிறந்த வழி புதுச்சேரியிலேயே உண்டு. சட்டமன்றத்துக்கு 30 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 3 பேரை மத்திய அரசு நியமிக்கிறது. அந்த மூன்றில் எந்தக் கணிப்பாளரும் சறுக்கியதாகத் தெரியவில்லை. மீதி முப்பதையும் அப்படியே நிரப்பிவிட்டால் பிழை வீதம் பூஜ்யம்.