குல்லாவுக்குள் யாரோ அழுகிறார்கள்

சேலம், நாமக்கல் பக்கம் குளிர்காலம் என்பது வெப்பமானிக்குத் தெரியாமல் நடக்கிற விஷயம். தை மாத விடியற்காலையில் 18, 19 டிகிரி வரை இறங்கும். அதற்கே பால்காரர் காதைத் துண்டால் கட்டிக்கொள்வார். டீக்கடை பெஞ்சில் ஏற்காடே கீழே இறங்கி வந்துவிட்ட மாதிரி பேச்சு நடக்கும். பத்து மணிக்கு வெயில் முதுகில் ஏறியதும் அதே ஆட்கள் "என்ன வெக்கைங்க" என்பார்கள். பெரியவர்கள் இப்படி இரண்டு கட்சியிலும் இருக்கலாம். மார்கழியில் பிறந்த குழந்தைக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது.

என் மகள் மார்கழியில் பிறந்தாள், பரமத்தி வேலூர் பக்கம், மனைவியின் ஊரில். ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பேன். பார்ப்பேன் என்பதே கொஞ்சம் மிகைதான். கண்ணுக்குத் தெரிந்தது மூக்கு மட்டும்.

விளக்கு வைத்ததும் மனைவியின் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர், வேலையைத் தொடங்குவார். பழைய வேட்டியைக் கிழித்த முக்கோணத் துணி முதலில். அதன்மேல் பருத்திச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர். கைக்கு உறை, காலுக்கு உறை, காதுக்குப் பஞ்சு. தாடைக்கடியில் நாடா கட்டும் கம்பளிக் குல்லா; அது நகராமலிருக்க மேலே ஒரு கைக்குட்டைக் கட்டு. பிறகு மொத்தத்தையும் டர்க்கி டவலில் உருட்டி, சன்னலைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, சேலைத் தூளியில் இறக்கி, தூளியின் வாயை இழுத்துத் துணி கிளிப் மாட்டிவிடுவார். உள்ளிருந்து அழுகை கேட்கும்.

"அழுகறா பாருங்க, இன்னும் குளுருது" என்று ஒரு போர்வை சேரும். அழுகை கூடும். இன்னொரு போர்வை சேரும். அந்த வீட்டில் போர்வை தீர்ந்தால்தான் இதற்கு முடிவு.

அம்மாயியின் பயம் ஆதாரமில்லாதது என்றும் சொல்லிவிட முடியாது. பச்சைக் குழந்தைக்கு நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் இருக்கிற ஒருவகைப் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு உண்டாக்குகிறது. உடம்புக்குத் தலை பெரிசு என்பதால் அது வழியாகப் போகிற சூடும் அதிகம். அதனால்தான் பிறந்த உடனே ஆஸ்பத்திரியிலேயே குல்லா போடுகிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அதே தலைதான் கூடுதல் சூட்டை வெளியே விடும் வாசல். தூங்கும்போது குல்லா வேண்டாம், முகத்தருகே தளர்ந்த போர்வை வேண்டாம், மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தூக்கத்தில் குழந்தைகள் திடீரென்று இறந்துபோவதற்கு அதிகச் சூடும் ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் கவலை. கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு கட்டக்கூடாது, பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பார்க்கணும் என்பார்கள்.

இங்கிலாந்தில் குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 டிகிரி வரை நல்லது என்று பரிந்துரைக்கிறார்கள். அதாவது, நாம் மங்கி குல்லா மாட்டுகிற விடியற்காலையை அவர்கள் ஹீட்டர் போட்டு வரவழைக்கிறார்கள். பின்லாந்தில் 1938 முதல் பிரசவத்துக்கு அரசு ஒரு பெட்டி கொடுக்கிறது. பனிக்காலத்துக்கான கனத்த உடையும் அதில் உண்டு. நம் அரசும் 2015-இல் 16 பொருட்களோடு அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் கொடுத்தது. அதில் இருந்தது கொசுவலை. எது நம் எதிரி என்று கோட்டைக்குத் தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் நான் அம்மாயியிடம் எடுத்துச் சொன்னேன். "இங்கிலாந்துல இருக்கறவங்களுக்கு ஒடம்பு வேறங்க மாப்பிள்ளை" என்று ஒரே வரியில் கேஸ் தள்ளுபடி ஆனது.

கடைசியில் மாமாதான் வந்தார். மாமனார் நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். அந்த வீட்டு மாப்பிள்ளை வரிசையில் எனக்கு முப்பது வருடம் சீனியர்; ஆகவே அவரும் மாமியாரிடம் பார்த்துத்தான் பேசுவார். தூளிக்குள் கையை விட்டுக் குழந்தையின் பிடரியைத் தடவினார். விரல் ஈரமாக வந்தது.

"அத்தை, குஞ்சு எறக்குனா மொத வாரம் பல்புச் சூடு 95 ஃபாரன்ஹீட் வெக்கறோம். அப்பறம் வாரம் அஞ்சஞ்சா கொறைப்போம். ஆனா நான் மீட்டரப் பாக்கறதில்லைங்க, குஞ்சத்தான் பாப்பேன். பல்புக்கடியில மொய்ச்சா குளுரு. வாயத் தொறந்துட்டு ஓரத்துக்கு ஓடுனா சூடு. பரவலா படுத்துச்சுன்னா சரி. இது எங்கீங்க ஓடும்? கட்டிப் போட்டிருக்கறீங்க."

"கோழியும் கொழந்தையும் ஒண்ணாங்க?" என்றார் அம்மாயி. ஆனால் கை குல்லாவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர் போனது, டவல் போனது, கிளிப் போனது. காலுறையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மாமாவும் அதற்குமேல் வாதாடவில்லை. முழுக்கைப் பருத்திச் சட்டையோடு பாயில் மல்லாக்கப் போட்டதும் மகள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டு தூங்கினாள். அவளுக்குக் காதுகள் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன், என் அப்பாவின் காதுகள்.

மாமா பண்ணைக்குக் கிளம்பினார். தலையில் மங்கி குல்லா, கழுத்தில் மப்ளர், ஸ்வெட்டருக்கு மேல் ஜெர்கின். போனில் பார்த்தேன், வெளியே 22 டிகிரி.