ஈருள இயல்: பொன்னியின் செல்வன் பயில்வோர் நிலை

மாணாக்க, கேள். வரலாற்றுக் காதற் புதினம் ஒன்றை ஒருங்கே விரும்பியும் கடிந்தும் நிற்கும் நெஞ்சின் நிலை ஈருளம் எனப்படும். கல்கி 1950 முதல் 1954 வரை தம் இதழில் எழுதி, ஐந்து பகுதிகளாக முடித்த 'பொன்னியின் செல்வன்' இந்நிலையின் விளைநிலம் ஆதலின் அதுவே இங்கு ஆயப்படும். ஆய்களம், திருகோணமலை மாவட்டத்துத் தோப்பூர். முன்னையோர் இவ்வூரை விடுத்து ஆய்ந்தது குறையே.

முதலாவது, நீட்சியீருளம். முடியவில்லையே எனக் கடிந்தவர், முடிந்தபின் முடிந்துவிட்டதே என வருந்துவது. எல்லா ஊரிலும் உண்டாகலின் விரித்திலேம்.

இரண்டாவது, தோணியீருளம். கோடிக்கரைப் பூங்குழலியால் பிறப்பது. மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் கொட்டியாற்றுக் குடாவைப் படகில் கடந்து பழகிய மூத்தோரிடம் மிகும். அவள் கதைத்தலைவன் வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு ஈழத்துக்குத் துடுப்பு வலிக்கையில் எழுவது துடுப்புவப்பு. பின் அரசனாகும் சேந்தன் அமுதனை மணந்து அவள் அரசியாகையில் எழுவது மணக்கசப்பு. அத்தகைய படகோட்டியை அரண்மனையில் அடைத்தல் தகுமா என்பர் மணக்கசப்பர். நம் முடிபும் அதுவே.

மூன்றாவது, மண்ணீருளம். தலையாயது, ஊன்றிக் கேள். இரண்டாம் பகுதி பெரிதும் ஈழத்தில் நிகழ்கிறது. தோப்பூரார் வரிவரியாக விரல் வைத்துத் தம் ஊர்ப்பக்கம் தேடுவர். கதையோ அனுராதபுரம், தம்புள்ளை எனச் சுற்றும். இதனால் வருவது விடுபடுசினம். அதனினும் ஆழ்ந்தது முடிக்குழப்பம். புதினத்து அருள்மொழி, புத்தத் துறவியர் நீட்டிய ஈழ மணிமுடியை வேண்டாமென்கிறான். படிப்போர் கண் நனையும். வரலாற்றிலோ அவனே இராசராசனாகி, 993 அளவில் படை விடுத்து அனுராதபுரத்தை வீழ்த்தினான். பொலன்னறுவை சோழர் தலைநகராயிற்று. 1017இல், அவன் மகன் ஆட்சியில், ஈழ மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். வேண்டாமென்றவன் பின் ஏன் வந்தான் என வினவி நூலை மூடுவோர் வன்மண்ணீருளர். திருகோணமலைக்கு அண்மையில் உள்ள வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றதையும், அப்பள்ளிக்கு வந்த கொடைகளை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் கூறுவதையும் எண்ணி, மூடிய நூலைத் திறப்போர் மென்மண்ணீருளர். ஒருவரே காலை வன்மையும் மாலை மென்மையும் உறுதல் உண்டு. அவரைப் பொழுதுமாறி எனக் குறித்துக்கொள்.

நான்காவது, கொலையீருளம். அருள்மொழியின் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என நூலோர் அறுதியிட்டு உரையாமையால் வருவது. உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லியும் இது தணிந்திலது. மருந்தில்லை.

2022, 2023 ஆண்டுகளில் வந்த திரைப்படங்களைக் கண்டோர்க்கு எழுவது வேற்றினம், ஈண்டுக் கலவற்க.

ஐந்தாம் பகுதியை இரவல் வாங்கித் திருப்பித் தாராதோர் உளர். அன்னோர்க்கு உள்ளம் இரண்டில்லை, ஒன்றே. ஆதலின் இவ்வியலுள் அடங்கார். அவர் வீடு உனக்குத் தெரியுமெனின் நேரில் சென்று கேள்.