சம்பள விசாரமும் சகலைப் பிரமாணமும்

ஆண்மகனிடம் சம்பளத்தையும் பெண்மணியிடம் வயதையும் கேட்கலாகாது என்பது நம்மவர் நெடுங்காலமாகப் பேணிவரும் நியமமாயிருக்க, அவ்விரண்டையும் ஒருசேரக் கேட்டாலன்றித் தீர்க்கவொண்ணாத ஒரு வினாவை எடுத்துக்கொண்டு ஆராயப் புகுவது துணிகரமான காரியமே. ஆயினும், தமிழ்நாட்டுக் கல்யாணப் பந்திகளில் இலையில் தண்ணீர் தெளிப்பதற்கும் சாதம் விழுவதற்கும் இடைப்பட்ட சொற்ப அவகாசத்தில் அந்த வினா முகூர்த்தந்தோறும் எழுப்பப்பட்டு, யாதொரு பிரமாணமுமின்றி முகூர்த்தந்தோறும் தீர்ப்பும் வழங்கப்பட்டு வருவதைக் கண்டு சகியாமலேயே இவ்வாராய்ச்சியில் இறங்கலானோம். “இந்த வயசுக்கும் இந்த வேலைக்கும் தம்பி வாங்குறது நல்ல சம்பளம்தானா?” என்பது வினா. “ஏதோ, பரவாயில்லை” என்பது பெரும்பாலும் தீர்ப்பு. அத்தீர்ப்பைப் பெற்ற இளைஞர் எவரும் அன்றைய பாயசத்தை ருசித்து உண்டதாகச் சரித்திரம் இல்லை.

இத்துறையில் முன்னோர் செய்துவைத்திருப்பன சில உள. கௌடில்யர் தம் அர்த்தசாஸ்திரத்தின் ஐந்தாம் அதிகரணத்தில் ராஜாங்கத்தைச் சார்ந்தோர் அனைவருக்கும் வேதனம் வகுக்குமிடத்து, புரோகிதர், மந்திரி, சேனாபதி, யுவராஜன், ராஜமாதா முதலியோர்க்கு 48,000 பணம் என்று தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைநிலை ஏவலாளர்க்கு 60 பணம் என்று முடிக்கிறார். உச்சிக்கும் அடிக்கும் 800 மடங்கு வித்தியாசம் என்பதைக் கண்டு திடுக்கிடுவோர், அப்பட்டியலில் வயது என்ற சொல்லுக்கே இடமில்லை என்பதைக் கவனித்தாரில்லை. யுவராஜனுக்கு வயது பதினெட்டா நாற்பத்தெட்டா, முன் அனுபவம் உண்டா என்றெல்லாம் கௌடில்யர் கேட்கவில்லை. யுவராஜனாய்ப் பிறந்திருப்பதே போதிய தகுதி என்று அவர் கொண்டார். இக்கோட்பாடு இன்றும் நம் குடும்பக் கம்பெனிகள் பலவற்றில் சிரத்தையோடு அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது.

அவருக்குப் பின்வந்தோருள் வயதை வைத்தே சம்பளத்தை அளப்போரை வயதுவாதிகள் என்று அழைப்போம். முப்பதுக்குள் இவ்வளவு, நாற்பதுக்குள் இவ்வளவு என்று வரம்பு கட்டிக்கொண்டு, அதற்குக் குறைந்தவனை அனுதாபத்தோடும் மிகுந்தவனைச் சந்தேகத்தோடும் நோக்குவது இவர்களுடைய மரபு. இக்கட்சியைச் சோதித்துப் பார்க்கச் சென்னைப் பட்டணத்துக் கடற்கரையோரத்திலேயே இரண்டு குமாஸ்தாக்கள் அகப்படுகின்றனர். முதல்வர் ராபர்ட் கிளைவ். 1744இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக அவர் இங்கு வந்திறங்கியபோது வயது 18, சம்பளம் ஆண்டுக்கு 5 பவுண்டு. மற்றவர் ஸ்ரீநிவாச ராமானுஜன். 1912 மார்ச்சு மாதத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் அவர் கணக்கெழுத அமர்ந்தபோது வயது 24, சம்பளம் மாதம் 30 ரூபாய். கிளைவுக்குப் பின்னாளில் வங்காளத்தில் வாய்த்த ஜாகீர் ஒன்றே ஆண்டுக்கு ஏறக்குறைய 27,000 பவுண்டு தந்தது. எனினும் அது சம்பளத்தின்பாற்படாது கிம்பளத்தின்பாற்படுமாகையால் நம் ஆராய்ச்சியின் எல்லைக்குப் புறம்பாகிறது. ராமானுஜன் விஷயமோ இன்னும் விபரீதமானது. மறு ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்துக் குமாஸ்தா உத்தியோகத்தினின்று விடுவித்துவிட்டபடியால், வேலையை விட்ட ஒரே காரணத்தால் வருமானம் இரண்டரை மடங்காகப் பெருகிய அபூர்வப் பிறவியாக அவர் விளங்குகிறார். கம்பெனி விட்டுக் கம்பெனி தாவி, முப்பது சதவீதம் ‘ஹைக்’ பெற்றுவிட்டு நண்பர்களுக்குப் பிரியாணி வாங்கித் தரும் இக்கால வாலிபர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

வயதுவாதத்திற்கு இக்காலம் இழைத்திருக்கும் தீங்கும் சிறிதன்று. நம் ஊர்ப் பெருங்கம்பெனிகளில் கணினி வேலைக்குப் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டிய தொகையே பத்தாண்டுகளுக்கு மேலாக வழங்கப்பட்டு வருகிறது; பாலும் பருப்பும் வீட்டு வாடகையும் ஏறியிருக்க, இருபத்திரண்டு வயதின் விலை மாத்திரம் ஏறாமல் நிற்கிறது. அதே கம்பெனியில் விசுவாசமாகப் பன்னிரண்டு வருஷம் உழைத்தவனைவிட, நடுவில் இரண்டு கம்பெனிகளைத் தாண்டி நேற்று வந்தவன் அதிகம் வாங்குவதும் அங்கே சாதாரணம். ஆகவே வயது என்பது சம்பளத்திற்குக் காரணமாகாது. நரைக்கு வேண்டுமானால் காரணமாகலாம்.

இனி, அரசாங்கம் கண்ட மார்க்கம். 1946இல் நியமிக்கப்பெற்று, சர் ஸ்ரீநிவாச வரதாச்சாரியார் தலைமையில் விசாரணை நடத்திய முதல் சம்பளக் கமிஷன், மத்திய அரசு ஊழியனுக்குக் குறைந்தபட்சம் மாதம் 55 ரூபாய் வேண்டும் என்றது. ஏழாவது கமிஷனின் சிபார்சுப்படி 2016 ஜனவரி முதல் அது 18,000 ரூபாய். இத்தொகைகள் வானத்தினின்று விழுந்தவை அல்ல. 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, போஷாக்கு நிபுணர் அக்ராய்டு என்பாரின் கணக்கைக் கைக்கொண்டு, வளர்ந்த மனிதனுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி என்று நிர்ணயம் செய்ததோடு, புருஷனை 1 என்றும், மனைவியை 0.8 என்றும், குழந்தைகள் இருவரைத் தலைக்கு 0.6 என்றும் வைத்து, ஆக மொத்தம் குடும்பம் என்பது 3 என்று கூட்டிக் காட்டியது. மனைவியை 0.8 என்று எழுதியவர்கள் அதை அவரவர் இல்லத்தில் வாய்விட்டுச் சொன்னார்களா என்பது ஒருபுறமிருக்க, எரிபொருள், விளக்கு முதலான செலவினங்களுக்கும் அவர்கள் இருபது சதவீதம் ஒதுக்க மறக்கவில்லை. குழந்தைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, கல்யாணம் இவற்றிற்கென மேலும் இருபத்தைந்து சதவீதம் கூட்ட வேண்டுமென்று 1991இல் உச்ச நீதிமன்றம் திருவாய் மலர்ந்தருளியது. இத்தனையும் மெச்சத்தக்கவையே. ஆனால், மனிதன் உயிரோடிருக்க எவ்வளவு வேண்டும் என்பதை இவை சொல்லுமேயன்றி, அவன் வாங்குவது நல்ல சம்பளமா என்பதைச் சொல்லமாட்டா. கல்யாணத்தைக் கணக்கில் சேர்த்த கனவான்கள், மனைவியின் தங்கைக்குக் கல்யாணமானால் என்ன நேரும் என்பதை அடியோடு விட்டுவிட்டனர். அங்கேதான் நமது சாஸ்திரம் பிறக்கிறது.

அதற்குமுன், ஒருவனுடைய சம்பளத்தை அறிவதெப்படி என்ற அடிப்படைச் சங்கையைத் தீர்த்தாக வேண்டும். நம் தார்க்கிகர்கள் அறிவுக்கு வாயில்களாகப் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என நான்கைக் கூறுவர். பிரத்தியட்சமாவது சம்பளச் சீட்டைக் கண்ணால் காண்டல். இது பரிசுத்தமான பிரமாணமென்று பாமரர் கருதக்கூடும். ஆனால் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் ‘பேக்கேஜ்’ என்று ஊரெங்கும் பேசப்பட்டவனுடைய சீட்டை விரித்துப் பார்த்தால், கம்பெனி தன் பங்காகச் செலுத்தும் சேமநல நிதி அதனுள் இருக்கிறது. வியாதி வந்தாலன்றிக் கிட்டாத இன்ஷூரன்ஸ் அதனுள் இருக்கிறது. மேலதிகாரியின் மனம் குளிர்ந்தால் மட்டும் தரப்படும் ஊக்கத்தொகை அதனுள் இருக்கிறது. ஐந்தாண்டு தொடர்ந்து பணிபுரிந்தவர்க்கே உரியதென 1972ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த பணிக்கொடையும், இரண்டாண்டில் ஓடிவிடப்போகிற அவனுக்காக, மாதந்தோறும் அதனுள் இருக்கிறது. இவையெல்லாம் நேதி, நேதி என்று நீங்கியபின் எஞ்சி நிற்பதே கைக்கு வருவது. மாயாவாதத்தை எந்தப் பண்டிதரும் இத்துணைத் தெளிவாக விளக்கியதில்லை.

அனுமானமாவது, மலையில் புகை கண்டவிடத்து நெருப்புண்டெனத் துணிவதுபோல, வாசலில் கார் கண்டவிடத்துச் சம்பளம் உண்டெனத் துணிதல். இதில் ஹேத்வாபாசம் மலிந்து கிடக்கிறது. கார் வங்கியினுடையது, வீடும் வங்கியினுடையது, கைப்பேசி தவணையினுடையது என்றாகிவிட்ட இந்நாளில், புகை எவ்வளவு அடர்த்தியோ நெருப்பு அவ்வளவு குறைவு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. மறுபக்கத்தில், காலர் நைந்த சட்டையும் பழைய சைக்கிளுமாகத் தபாலாபீஸ் வாசலில் நிற்கும் பெரியவர்க்கு நாலு வீட்டு வாடகை வருவதையும் நாம் அறிவோம். சப்தப் பிரமாணமாவது ஆப்த வாக்கியம், அதாவது உறவினர் சொல். பெற்ற தாயார் கூட்டிச் சொல்லுவார். பெண்கொடுத்தோர் பெண் கொடுக்கும்வரை கூட்டியும் பின்னர்க் குறைத்தும் சொல்லுவர். தானே சொல்லுங்கால், கடன் கேட்பவனிடம் ஒரு தொகையும் வரன் பார்க்க வந்தவரிடம் வேறொரு தொகையும் சொல்லுவான்.

எஞ்சியது உபமானம். யாரோடு ஒப்பிடுவது என்பதே இனி வினா. அலுவலகத்துத் தோழனோடு ஒப்பிடலாமென்றால், அதன் விளைவை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சிலர் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஊழியரிடையே சோதித்து 2012இல் வெளியிட்டிருக்கின்றனர். சகாக்களின் சம்பளத்தைப் பார்க்க வழியுண்டு என்று தெரிவிக்கப்பட்டவர்களுள், தம் பிரிவின் நடுமட்டத்திற்குக் கீழே இருந்தோர் மனம் கசந்தனர். மேலே இருந்தோரோ அதனால் கடுகளவும் மகிழவில்லையாம். நார்வே தேசத்தில் எவருடைய வருமானத்தையும் எவரும் அரசாங்கப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். ஆனால் 2014 முதல், தேடியவர் இன்னாரென்பது தேடப்பட்டவருக்குத் தெரிந்துவிடும் என்று ஏற்பாடு செய்தவுடன் தேடுவோர் தொகை வெகுவாகச் சரிந்துவிட்டது. நம் நாட்டில் இத்தகைய பதிவேடு இல்லாமையை எண்ணி வருந்த வேண்டுவதில்லை. சித்திகளும் அத்தைகளும் இருக்கும்வரை அதற்கு அவசியம் நேராது.

சித்தாந்தத்திற்கு வருவோம். சம்பளத்தின் நன்மை தீமைக்கு ஏற்புடைய ஒரே உபமானம், மனைவியின் உடன்பிறந்தாளை மணந்தவன். சகலை, சகலபாடி, ஷட்டகர் என்று குலத்திற்கும் ஜில்லாவிற்கும் ஏற்ப அழைக்கப்படுபவன். இவ்வுண்மையை மேல்நாட்டார் முற்றும் அறியாதவரல்லர். மென்க்கன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், சகலையினும் ஆண்டுக்கு நூறு டாலராவது மிகுதியாக வருவதற்கே செல்வம் என்று பெயர் என விளையாட்டாக எழுதிவைத்தார். விளையாட்டாக எழுதியதை 1998இல் நியூமார்க், போஸ்டில்வெயிட் என்னும் பொருளாதார ஆசிரியர் இருவர் மெய்யாகவே ஆராய்ந்து, சகோதரியின் கணவர் தம் கணவரினும் மிகுதியாகச் சம்பாதிக்குமிடத்துப் பெண்கள் தாமும் வேலைக்குச் செல்லும் சாத்தியம் அதிகம் என்று கண்டனர்.

காரணத்தையும் விளக்குவோம். விஞ்ஞானி ஒருவன் ஒரு பொருளின் குணத்தை அறியவேண்டின், மற்றவற்றையெல்லாம் ஒரேபடியாக நிறுத்தி அதனை மட்டும் மாற்றிப் பார்ப்பான். சகலைகள் இருவர் விஷயத்தில் மாமனார் ஒருவர், மாமியார் ஒருவர், வளர்ந்த வீடு ஒன்று, போட்ட நகையும் ஏறத்தாழ ஒன்று. மாறுவது மாப்பிள்ளையின் சம்பளம் மட்டுமே. இத்துணைக் கச்சிதமான பரிசோதனைச் சாலை உலகில் வேறெங்கும் இல்லை. மேலும், அண்டைவீட்டானோடு ஒப்புமை தாங்காவிட்டால் வீட்டை மாற்றலாம். சக ஊழியனோடு தாங்காவிட்டால் ராஜினாமா எழுதலாம். உடன்பிறந்த அண்ணன் அதிகம் சம்பாதித்தால் அதில் தனக்கும் பாதிப் பெருமை உண்டென்று தேற்றிக்கொள்ளலாம். சகலையினின்று தப்ப வழி கிடையாது. தீபாவளிக்கு அவன் வருவான்.

நீதிபதி யாரெனில், மாமியாரே. அவர் தீர்ப்பை நேரே சொல்வதில்லை. கூடத்துத் தூணைப் பார்த்து, “சின்ன மாப்பிள்ளைக்கு இந்த வருஷமும் இன்கிரிமென்ட் போட்டிருக்காங்களாம்” என்பார். பெரிய மாப்பிள்ளை அப்போது செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாலும் ஒருவரும் வியப்பதில்லை. சம்பாதிக்கும் பெண்டிர்க்கு இதே ஸ்தானத்தில் ஓரகத்தி நிற்கிறாள் என்றும் அங்கே நீதி விசாரணை இன்னும் கடுமையானது என்றும் கூறி மேலே செல்வோம்.

சகலைப் பிரமாணத்தைப் பிரயோகிக்குங்கால் சில திருத்தங்கள் வேண்டும். அவன் பெங்களூரில் இருப்பின், வீட்டுக்காரருக்குக் கொடுத்துவைத்த அட்வான்ஸை நினைந்து அவனுக்குச் சலுகை காட்டலாம். அமெரிக்காவில் இருப்பின், டாலரை ரூபாயாக்கும் அதிகாரம் மாமனாருக்கு மட்டுமே உண்டு. அதை எதிர்த்து வாதாடியோர் எவரும் வென்றதில்லை. அவன் 2003 ஏப்ரல் முதல் தேதிக்கு முன்னர்த் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவனாயின், பழைய பென்ஷன் அவனுக்கு உண்டாகையால் ஒப்பிடும் எண்ணத்தையே விட்டுவிடுவது தேகாரோக்கியத்திற்கு நல்லது.

ஆக, சகலையினும் மாதம் ஆயிரம் ரூபாய் மிகுதியாக வாங்குபவன், வயது அறுபதாயினும் உத்தியோகம் எதுவாயினும், நல்ல சம்பளக்காரன். ஆயிரம் குறைவாக வாங்குபவன், வயது இருபத்தைந்தே ஆயினும், கம்பெனியின் தலைவனே ஆயினும், அல்லன். வீட்டுக்கு ஒரே பெண்ணாய்ப் பிறந்தவளை மணந்து, அளவுகோல் ஏதுமின்றி நிம்மதியாய் இருப்போர் நிலை இன்னும் ஆராயப்படவில்லை. இவ்வாராய்ச்சியை விரிவாக்கத் துணைபுரிய விரும்பும் வாசக நேயர்கள் தங்கள் வயதையும் உத்தியோகத்தையும் எழுதி அனுப்ப வேண்டுகிறோம். தங்கள் சம்பளத்தைத் தெரிவிக்க வேண்டுவதில்லை. சகலையினுடையதைத் தெரிவித்தால் போதும்.