பதினெட்டு வயது மூப்பர்

மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை. வளர்கிற பிள்ளையாயிற்றே என்று அம்மா ஒரு அளவு கூட்டி வாங்கிய கோட்டின் தோள்பட்டை இரண்டு விரற்கடை இறங்கி நிற்கிறது. ஆனால் நெஞ்சில் குத்தியிருக்கும் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று 'எல்டர்' என்று போட்டிருக்கிறது. எல்டர் என்றால் மூப்பர். நம்மூர்ச் சபைகளில் மூப்பர் ஆக வேண்டுமென்றால் தலை நரைத்து, மருமகன் எடுத்து, ஒருமுறையாவது சபைத் தேர்தலில் தோற்றிருக்க வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ப்ரோவோ நகரில், 18 வயது போதும். 2012 வரை 19 கேட்டார்கள்; பிறகு அதிலும் ஒன்றைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பெண்களுக்கு 2025 வரை 19 கேட்டார்கள்; அவர்கள் 'சிஸ்டர்'.

உலகம் மார்மன்கள் என்று அழைக்கும் சபையின் மிஷனரிப் பயிற்சி மையம் ப்ரோவோவில் இருக்கிறது. பையன்கள் இரண்டு ஆண்டு, பெண்கள் ஒன்றரை ஆண்டு ஊழியம் செய்கிறார்கள். சம்பளம் கிடையாது, சொந்தக் காசுதான். எந்த நாட்டுக்குப் போவது என்பதும் அவர்கள் கையில் இல்லை, சபை சொல்லும். நம் எல்டருக்குப் பெரு நாடு விழுந்தது. மொழி ஸ்பானிஷ். அதற்குக் கொடுத்திருக்கும் காலம் ஆறு வாரம். தையற்காரர் ரவிக்கை தைத்துக் கொடுக்கவே அதற்கு மேல் எடுத்துக்கொள்கிற உலகத்தில்!

இந்த மொழிப்பள்ளி பிறந்த கதையே வேடிக்கைதான். 1961-இல் மெக்சிகோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போக வேண்டிய பையன்களுக்கு விசா வரத் தாமதமானது. சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மொழியையாவது படிக்கட்டும் என்று தொடங்கினார்கள். இன்று அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் கற்பிக்கிறார்கள். தூதரகக் குமாஸ்தாக்களின் சோம்பலால் உலகத்துக்கு ஏதாவது நன்மை உண்டா என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

உள்ளே நுழைந்ததும் முதல் பெயர் போய்விடுகிறது. குடும்பப் பெயருக்கு முன்னால் 'எல்டர்', அவ்வளவுதான். அடுத்து அவனுக்கு ஒரு கம்பானியனை, அதாவது ஊழியக் கூட்டாளியை, கட்டிவைக்கிறார்கள். கட்டிவைக்கிறார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். கல்யாணத்துக்காவது ஜாதகம் பார்ப்பார்கள். எங்கே போனாலும் இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. கழிவறைக் கதவு வரைக்கும் அது செல்லும். நம் எல்டருக்குத் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் அடுத்தவனுக்கும் தாகம் எடுத்தாக வேண்டும். ஒருவன் குறட்டை விடுவான், மற்றவன் காலை ஆறரை மணிக்கு எழுந்ததுமே உற்சாகமாகப் பாடுவான். எது கொடுமை என்று நான் முடிவு செய்யமாட்டேன்.

ஆறரைக்கு எழுந்து பத்தரைக்கு விளக்கை அணைப்பது வரை வகுப்பு, படிப்பு, மறுபடி வகுப்பு. நடுவே உணவுக்கூடம். வீட்டு ஏக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தட்டை வேண்டியமட்டும் நிரப்பிக்கொள்ள அனுமதி கிடைத்தால் என்ன ஆகும்? நான்காவது வாரத்தில் கோட்டு சரியான அளவாகிவிடுகிறது. அம்மாவின் தீர்க்கதரிசனம்.

ஆசிரியர் யாரோ வெள்ளைத்தாடிப் பண்டிதர் என்று நினைக்க வேண்டாம். சமீபத்தில் ஊழியம் முடித்துத் திரும்பி, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பகுதிநேரமாகச் சொல்லித்தரும் பையன்தான் பெரும்பாலும். இவர்களைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். முதல் நாளிலிருந்தே ஸ்பானிஷில்தான் பேசுவார். 'உன் மொழியைப் பேசு' என்பது அங்கே தாரக மந்திரம். அதனால் உணவுக்கூடத்தில், "எர்மானோ, லா சால்-ஐ கொஞ்சம் பாஸ் பண்ணு" என்கிற ரகத்தில் ஒரு பாஷை ஓடும். எர்மானோ என்றால் சகோதரன், லா சால் என்றால் உப்பு. சென்னையில் பத்து நாள் இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

நம் எல்டர் இங்கிலீஷில் வாயாடி. பள்ளியில் விவாதக் குழுத் தலைவன். ஸ்பானிஷில் இரண்டு வயதுக் குழந்தை. ஆனால் எந்த ஊரிலும் காணமுடியாத குழந்தை. சாதாரணக் குழந்தை 'அம்மா, பால், நாய்' என்று தொடங்கும். இவனுக்கு முதல் வாரமே உயிர்த்தெழுதல், பாவநிவர்த்தி, ஞானஸ்நானம், நித்திய ஜீவன் எல்லாம் மணிமணியாக வந்துவிட்டன. கரண்டிக்கு என்ன சொல் என்று தெரியாது. மூன்றாம் நாள் முழு ஜெபமே செய்தான்; குழாய் ஒழுகுகிறது என்று ப்ளம்பரிடம் சொல்லத் தெரியாது. வானுலகம் முழுக்கத் தெரிந்த பிள்ளைக்கு மளிகைக்கடை இருட்டு.

அதிலும் 'நீ', 'நீங்கள்' விவகாரம் அவனைப் பாடாய்ப் படுத்தியது. தெருவில் போகிறவரை 'உஸ்தேத்' என்று மரியாதையாக அழைக்க வேண்டும். கடவுளிடம் ஜெபிக்கும்போது 'தூ', அதாவது நீ. இதென்ன தலைகீழ் என்று அவன் திகைத்தான். நம்மிடம் கேட்டிருக்கலாம். முருகனை எத்தனை நூற்றாண்டாக 'நீ' என்கிறோம்! தாலுகா ஆபீஸில் ஒருவரை அப்படிச் சொல்லிவிட்டு பட்டா வாங்கி வரட்டும் பார்ப்போம்.

முதல் வாரமே பாடம் நடத்தவும் அனுப்பிவிடுகிறார்கள். ஒரு அறை, ஒரு சோபா. அதில் நாடகமாக ஒருவர் பெருக்காரர் வேஷத்தில் உட்கார்ந்திருப்பார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாதது போல விழிப்பார். நம் எல்டர் உள்ளங்கை வியர்வையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தான். நாம் எல்லாரும் பாவிகள் என்று சொல்ல வேண்டும். 'பெக்கதோரெஸ்' என்றால் பாவிகள். பதற்றத்தில் நடுவே ஒரு 'ஸ்' புகுந்து 'பெஸ்கதோரெஸ்' ஆகிவிட்டது. மீனவர்கள்.

"நாம் எல்லாரும் மீனவர்கள்" என்றான் கண்ணில் நீர் ததும்ப.

அவர் முகத்தில் ஒரு சலனம் இல்லை. "அப்படியா? என்ன மீன் பிடிப்பீர்கள்?" என்றார்.

கேள்வி புரியவில்லை. புரியாதபோது சொல்ல ஒரு வார்த்தை உண்டு. "சீ" என்றான்; ஆமாம் என்று அர்த்தம்.

"கடலிலா, ஆற்றிலா?"

"சீ, சீ."

கம்பானியன் பார்த்தான். நண்பன் தத்தளிக்கிறான், கைகொடுக்க வேண்டும். முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, குரல் தழுதழுக்கச் சொன்னான்: "அந்தத் தொழிலிலிருந்து நம்மை மீட்கத்தான் இயேசு வந்தார்."

மீனவராக இருந்து இயேசுவின் சீடரான பேதுருவைப் பொறுத்தவரை அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பது வேறு விஷயம். இரண்டு நாள் கழித்து அதே பெருக்காரர் வகுப்புக்குள் நுழைந்து, இனி நான்தான் உங்கள் ஆசிரியர் என்று சிரித்தபோது நம் எல்டர் மேஜைக்கடியில் இடம் தேடினான்.

வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள். துணி துவைக்கலாம், வீட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். 2019-க்கு முன்பு வீட்டோடு போனில் பேச வேண்டுமென்றால் கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும்தான்; இப்போது வாராவாரம் பேசலாம். அம்மா, "ஏதாவது ஸ்பானிஷில் சொல்லு கண்ணு" என்பாள். களைத்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்து, 'கன்சாதோ'வில் ஒரு 'ன்'னை விழுங்கி, கல்யாணமாகிவிட்டது என்று சொல்லிவைப்பான். நல்லவேளை, அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. எனக்காகக் காத்திரு என்று சொல்லிவிட்டு வந்த பெண்ணுக்கு ஸ்பானிஷ் தெரியும். அவள் கடிதங்கள் நான்கு பக்கத்திலிருந்து இரண்டாகி, இப்போது வானிலை அறிக்கை அளவுக்கு வந்திருக்கின்றன.

ஆறாவது வாரம் விமானம். ஜன்னலோரம் ஊர் திரும்பும் ஒரு பெருநாட்டுப் பாட்டி. பக்கத்தில் நம் எல்டர். நடைவழிக்கு அந்தப்புறம் கம்பானியன். இரண்டு மணி நேரம் போனதும் பாட்டி அவன் பக்கம் திரும்பி, "மே தெஹா பசார்?" என்றாள்.

'தெஹா' அவன் காதில் விழுந்தது. விடுதல்! பாவத்தை விட்டுவிடுதல் என்று படித்த சொல். பாட்டி மனந்திரும்பக் கேட்கிறாள்! நெஞ்சு படபடக்க, ஆறு வாரம் உருப்போட்டதை அவன் கொட்டினான். மனந்திரும்புதல், ஞானஸ்நானம், நித்திய ஜீவன், ஒரு பிசகில்லை. பாட்டி பொறுமையாகக் கேட்டாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிறகு, கழிவறைப் பக்கம் விரலை நீட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

பாவத்தை விடுவதற்கும் வழி விடுவதற்கும் ஸ்பானிஷிலும் ஒரே சொல்தான்.

எல்டர் காது சிவக்க எழுந்து நின்றான். அந்தப்புறம் உட்கார்ந்திருந்த கம்பானியனும், எதற்கென்று தெரியாமலே, கூட எழுந்து நின்றான்.