குப்பைமேட்டு ஓரத்தில் ஒரு படிப்பு

சியாட்டில்,
மார்ச் மாதக் கடைசி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"பட்டணத்துல தோட்டக்கலையா? அதுக்கு எதுக்குடா அமெரிக்கா? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு நாலு லோடு தக்காளி ஏத்திவிட்டுப் பாரு, எல்லாம் தானா வரும்" என்று போனில் கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி போனை வாங்கிவிட்டார்கள். அதனால்தான் கடிதம். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

முதலில் நான் படிக்கிற இடம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நகர்ப்புறத் தோட்டக்கலை மையம் ஏரிக்கரையில் இருக்கிறது. அதன் பின்னால் புல்வெளி, குட்டைகள், நாணல் என்று 74 ஏக்கர் விரிந்து கிடக்கிறது. 200க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் வந்துபோகின்றன. விடிந்தால் பைனாகுலரும் கையுமாக ஆட்கள் நிற்கிறார்கள். எல்லாம் குப்பைமேடு, சித்தப்பா! 1916-ல் கப்பல் கால்வாய் வெட்டியபோது வாஷிங்டன் ஏரியின் நீர்மட்டம் ஒன்பது அடி இறங்கிப்போய், கரையோரச் சதுப்பு வெளியே வந்தது. சதுப்பைக் கண்டால் நகரசபைக்கு என்ன தோன்றும்? பள்ளிக்கரணைச் சதுப்பைக் கண்டபோது சென்னைக்குத் தோன்றியதேதான். ஊர்க் குப்பையெல்லாம் இங்கே வந்து விழுந்தது. 1966-ல்தான் மூடினார்கள். மேலே மண் போட்டுப் புல் வளர்த்தாலும் அடியில் குப்பை இன்னும் மக்கிக்கொண்டிருக்கிறது. தரை ஓரிடத்தில் இறங்கும், இன்னோர் இடத்தில் இறங்காது. பக்கத்து கார் நிறுத்துமிடத்தில் நடந்தால் படகில் போன மாதிரிதான்.

ஆக, குப்பையில் என்ன வளரும் என்று படிக்கவே என்னை அனுப்பியிருக்கிறீர்கள். சொந்தக்காரர்களிடம் அமெரிக்காவில் ஆராய்ச்சி என்றே சொல்லிக்கொள்ளுங்கள்.

இந்த மையத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 2001 மே மாதம் ஒரு விடியற்காலையில் 'பூமி விடுதலை முன்னணி' என்ற கூட்டம் வந்து இங்கிருந்த மெரில் ஹாலுக்குத் தீ வைத்துவிட்டது. இங்கே ஒருவர் பாப்லர் மரத்தின் மரபணுவை மாற்றுகிறார் என்று அவர்களுக்குக் கோபம். அவர் வைத்திருந்ததோ இனக்கலப்பில் வந்த பாப்லர்கள். அந்தத் தீயில் அழிவின் விளிம்பில் இருந்த ஓர் அரிய காட்டுச்செடியின் கன்றுகளும் கருகின. இயற்கையைக் காப்பாற்ற வந்தவர்களின் லட்சணம் அது. 2005-ல் கட்டடம் மறுபடி எழுந்தது.

சரி, பாடத்துக்கு வருகிறேன். நம் தோட்டத்தில் மண் என்றால் மண். இங்கே நகரத்து மண்ணைத் தோண்டினால் செங்கல் துண்டு, காரை, ஆணி, யாரோ எந்தக் காலத்திலோ போட்ட பாட்டில் எல்லாம் வரும். கட்டட வேலைக்கு வந்த கனரக வண்டிகள் அதை மிதித்து மிதித்து, காற்று புக வழியில்லாமல் இறுக்கியிருக்கும். பழைய வீட்டுச் சுவரிலிருந்து உதிர்ந்த பெயின்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயத்தை இந்த நாடு 1978-ல்தான் தடை செய்தது. அதனால் பழைய வீட்டோரம் கீரை விதைக்கும் முன் மண்ணை லேபுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். செடிக்கு ஒரு குறையும் இல்லை. மனிதன் செய்துவைத்த வேலைக்குத்தான் இவ்வளவு பாடப் புத்தகமும்.

முதல் செய்முறை வகுப்பில் ஈர மண்ணைப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளச் சொன்னார்கள். நாடா நீளமாக வந்தால் களி அதிகம், சட்டென்று உடைந்தால் மணல் அதிகம். நீங்கள் வரப்பில் நின்று குதிகாலால் ஓர் அழுத்து அழுத்திச் சொல்வதற்கு இங்கே மதிப்பெண் உண்டு.

அடுத்த வகுப்பை மறக்க முடியாது. நர்சரியிலிருந்து வாங்கிய ஒரு மேப்பிள் கன்றைப் பேராசிரியை மேசையில் படுக்கவைத்து, ஹோஸ் தண்ணீரால் வேர்மண்ணை முழுக்கக் கழுவினார். மேலே தளதளவென்று இலை. அடியில் கட்டைவிரல் பருமனுக்கு வேர் ஒன்று முறுக்குப் பிழிந்ததுபோல் கழுத்தைச் சுற்றி வளைத்திருந்தது. தொட்டிக்குள் நீள இடம் கிடைக்காத வேர் அது. அப்படியே நட்டிருந்தால் தண்டும் வேரும் பெருக்கப் பெருக்க ஒன்றையொன்று நெரித்து, பல வருஷம் கழித்து மரம் செத்திருக்கும். வீட்டுக்காரர் உரக்கடைக்காரரைத் திட்டியிருப்பார். கத்தரிக்கோலால் அந்த வேரை வெட்டிப் போட்டுவிட்டு, "இனி இது பிழைக்கும்" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

இவர்களுக்கு மண் மேல் இருக்கிற ஆசையைச் சொன்னால் சிரிப்பீர்கள். 1973-ல் பிக்கார்டோ என்ற இத்தாலியக் குடும்பத்தின் பண்ணையில் தொடங்கி, இன்று நகரம் முழுக்கப் 'பீ-பேட்ச்' என்ற பொதுத்தோட்டங்கள் சுமார் 90 இருக்கின்றன. ஒருவருக்கு நூறு சதுர அடி கிடைத்தால் பெரிய விஷயம். நம் கணக்கில் கால் சென்ட்கூட இல்லை. அதற்கே சில இடங்களில் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கிடைத்ததும் வேலி, பெயர்ப்பலகை, உட்கார நாற்காலி. மூன்று தக்காளி காய்த்தால் முப்பது போட்டோ. ஆனால் மிஞ்சுகிற காய்கறியை உணவு வங்கிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை.

சனிக்கிழமைகளில் முள் வெட்டப் போகிறோம். 'இமாலயன் பிளாக்பெர்ரி' என்று ஒரு முட்புதர் இந்த மாநிலத்தையே விழுங்கப் பார்க்கிறது. லூதர் பர்பாங்க் என்ற செடி வித்தகர் 1885-ல் அறிமுகப்படுத்தியது. உண்மையில் ஆர்மீனியா பக்கத்துச் செடி. பெயர் மட்டும் இமாலயம். "உங்க நாட்டுச் செடிதானே?" என்று கூட வந்தவர் என்னை முறைத்தார். உங்கள் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலத்தை எங்கள் கண்மாய்களில் வெட்டி முடியவில்லை, வந்து வெட்டிக் கொடுங்கள் என்றேன். அதன்பின் அவர் வாயைத் திறக்கவில்லை.

மழையைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். சியாட்டிலுக்கு வருஷ மழை சுமார் 1,000 மில்லிமீட்டர்தான். சென்னைக்கே 1,400 வரும். நம் ஊர் ஒரே இரவில் கொட்டித் தீர்ப்பதை இவர்கள் எட்டு மாதம் தூறவைத்துக் கவலைப்படுகிறார்கள், அவ்வளவுதான். ஜூலை, ஆகஸ்டில் மழை அபூர்வம்; புதுக் கன்றுகளுக்கு வாளி தூக்க வேண்டும்.

இப்போது பல்கலைக்கழக வளாகத்தில் செர்ரி பூத்திருக்கிறது. ஊரே திரண்டு வந்து அண்ணாந்து போட்டோ எடுக்கிறது. எங்கள் பேராசிரியை மட்டும் குனிந்து, வேரை மிதிக்கிற செருப்புக் கால்களைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார். மரத்தின் வேரில் பெரும்பகுதி மேல் இரண்டு அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது; கிளை எட்டுகிற தூரத்தையும் தாண்டிப் பரவுகிறது. அதற்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் வீட்டு வாசல் வேம்பைச் சுற்றித் தண்டு வரைக்கும் சிமென்ட் பூசிவிட்டதாக அம்மா சொன்னார். நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு, தண்டைச் சுற்றி நாலடியாவது உடைத்து எடுக்கச் சொல்லுங்கள். கடப்பாரை வேரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த மண்ணில் காய்ந்த சருகைப் பரப்புங்கள், தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். கொத்தனார் கூலியை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்