வண்டியில ஏறுற பொருளா வச்சுக்கடா பேராண்டி

அந்தப் போனை இங்கிட்டுக் கொண்டாடா. செவப்பு மரக்கோயில் ஒண்ணு ரோட்டுல நகந்து வருதே, அதைத் திரும்பப் போடு.

சுவீடன் நாட்டு வடகோடியில கிருணான்னு ஊரு. 1912ல கட்டுன சர்ச்சு, எடை 672 டன். 2025 ஆகஸ்டுல சக்கரம் வச்ச மேடையில ஏத்தி, 5 கிலோமீட்டரை 2 நாளா உருட்டியிருக்காக. ராசாவே வந்து வேடிக்கை பார்த்தாராம். நம்ம தேராச்சும் நிலைக்குத் திரும்பும். இது போனது போனதுதான்.

எல்லாம் கீழ இருக்குற இரும்புக்காக. தாதுப்பாறை ஊருக்கு அடியில சாஞ்சுக்கிட்டே இறங்குது. எல்கேஏபின்னு அரசாங்கக் கம்பெனி ஆயிரம் மீட்டருக்குக் கீழயும் போய்க் கொடைய, மேல மண்ணு தொய்யுது. ‘ஊரு நகரணும்’னு 2004லயே சொல்லிட்டாக. ஆனா அந்த ஊரை உண்டாக்குனதே சுரங்கந்தான். பெத்தவளே பிள்ளைய இடுப்பை விட்டு இறக்கி, ‘கொஞ்சம் தள்ளி உக்காரு கண்ணு’ன்னாளாம்!

நான் இரும்புக்கு எதிரி இல்லப்பா. கொழை அறுக்குற இந்தத் தொரட்டியில இருக்குறதும் இரும்புதான். நீ ‘வளர்ச்சி, வளர்ச்சி’ங்கிறியே, அதுக்குத் தக்கன ஒரு புத்தி சொல்றேன், முடிஞ்சு வச்சுக்க. எதைச் சேத்தாலும் வண்டியில ஏறுற பொருளாச் சேரு. வீடு ஏறும். அந்த ஊரு மணிக்கூண்டுகூட ஏறி, புது ஊருக்குப் போயிருச்சு. பாதை ஏறாது பாரு, அதான் வில்லங்கம்.

அங்கயும் நம்மள மாதிரி கீதாரிக இருக்காக. மேய்க்கிறது துருவ மான். கோடைக்கு மலை, குளிருக்குக் காடு. பனியைக் கொளம்பால நோண்டி, அடியில கெடக்குற பாசியைத் திங்கும். இப்பல்லாம் குளிர்காலத்துலயே மழை பேஞ்சுருது. பேஞ்ச தண்ணி உறைஞ்சு கண்ணாடியாட்டம் மூடிக்கிட்டா, வேற மேச்சலுக்கு ஓட்டணும். அதுக்கு வழி வேணும். வழியை எந்தக் கீதாரியும் பத்திரத்துல எழுதி வைக்கல. தாய் மான் குட்டிக்குக் காட்டிக் காட்டி வந்தது.

ஏற்கெனவே சுரங்கம் நெருக்கி, பாதை ஒடுங்கிக் கெடக்கு. 2023ல பக்கத்துலயே அருமண் ஆக்சைடு 10 லட்சம் டன்னுக்கு மேல இருக்குன்னாக. மின்சாரக் காருக்கும் காத்தாடிக்கும் வேணுங்கிற காந்தம் அதுலதான் செய்யணுமாம். அதைத் தோண்டுனா இருக்குற பாதையும் அந்துரும்னு கப்னாங்கிற கிடைக்காரக கத்துறாக. புகை விடாத காரு நல்லதுதான்டா. அது போற ரோட்டுக்காக மான் போற ரோட்டை மறிக்கணுமான்னுதான் கேக்குறாக.

இன்னொரு கூத்தும் கேளு. அந்தச் சர்ச்சோட வடிவமே இந்தக் கீதாரிக குடிசையப் பார்த்து எடுத்ததுன்னு சொல்லுவாக. குடிசை மாதிரி இருக்குறதுக்கு ராச மரியாதை. குடிசைக்காரனுக்கு?

அவுக சாதிசனத்துக்கு என்ன பேரு தெரியுமா? சாமி. நெசமாத்தான்டா, அவுக பேரே சாமி!

கோயிலை ஒரு கண்ணாடி கீறாமக் கொண்டுபோய் வச்சுட்டாக. சாமியைத்தான் ‘செத்த ஓரமா நில்லு’ன்னுட்டாக.