கறையியல்: இளையோர் வீட்டுப் ‘பொன்னியின் செல்வன்’ பிரதிகளை முன்வைத்து

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைப் படிக்கிறார்கள், எதைத் தின்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று தனித்தனியே விசாரிப்பது வீண்வேலை. மூன்றுக்கும் ஒரே இடத்தில் சான்று இருக்கிறது: புத்தகப் பக்கத்தில் படிந்த எண்ணெய்க் கறை. இதை முறைப்படி ஆராயும் துறைக்குக் ‘கறையியல்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். துறையில் இப்போதைக்கு நான் ஒருவனே. ஆகவே மாற்றுக்கருத்து ஏதும் எழவில்லை.

கறை பிறக்கும் இடம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இப்போது அங்கேதான் கூடுகிறது. அரங்கை விட்டு வெளியே வந்தால் கால் தானாகத் திரும்புவது மிளகாய் பஜ்ஜிக்கும் டெல்லி அப்பளத்துக்கும். தாம்பாளம் போல ஓர் அப்பளம், மேலே தாராளமாக மிளகாய்ப்பொடி. ஒரு கையில் அது. மறு கையில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் திணித்த பை. புத்தகத்தைப் பிரித்துப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்காமல் மைதானத்தைத் தாண்ட முடியாது என்பதால் அங்கேயே பிரிக்கிறார்கள். வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையோடு வந்து நிற்கும் முதல் பக்கத்திலேயே ஒரு கட்டைவிரல் ரேகை, செம்மஞ்சள் நிறத்தில், பத்திரப் பதிவு அலுவலகத்தில் வைத்தது போலத் துல்லியமாக விழுகிறது.

ஏன் இந்த நாவல்? 1999இல் இதை எழுதிய கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். கடைக்குக் கடை அடுக்கி வைத்திருக்கிறார்கள். போதாததற்கு 2022இலும் 2023இலும் மணிரத்னம் படம் வேறு.

ஆய்வுக்கு எடுத்தவை: என் அக்கா மகளுடைய பிரதி, அவள் கல்லூரித் தோழிகள் இருவருடையவை. மூன்றிலும் ஒரே முடிவு. முதல் பாகமான ‘புது வெள்ள’த்தின் 57 அத்தியாயங்களில் கறை செழித்திருக்கிறது, பிரியாணி மசாலாகூட ஓரிடத்தில் தென்பட்டது. ‘சுழற்காற்றில்’ கறை மெலிகிறது. ‘கொலை வாளில்’ தூசி மட்டும். 91 அத்தியாயம் கொண்ட ‘தியாகச் சிகரம்’ கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்கப்படாமல் கன்னி கழியாதிருக்கிறது.

ஒப்பீட்டுக்காக எங்கள் பாட்டியின் தொகுப்பை எடுத்தேன். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்ததை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. மணியம் வரைந்த குந்தவையின் கொண்டைமேல் காபி டம்ளர் வளையம் ஒன்று. அதே வளையம் கடைசி இதழ்வரை தவறாமல் வருகிறது. பாட்டி முழுக்கப் படித்திருக்கிறாள், அல்லது டம்ளர் வைக்க வேறு இடம் இல்லை. இரண்டாவது விளக்கத்தை ஆய்வின் நலன் கருதி ஒதுக்கிவிட்டேன்.

ஆக, இளையோர் இரண்டாம் பாகத்தோடு நிறுத்திவிட்டு மீதியைத் தியேட்டரில் முடிக்கிறார்கள் என்பதே என் துணிபு. இதை உறுதிசெய்ய அக்கா மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“கடைசியில முடி சூடுறது யாரு?”

“சேந்தன் அமுதன்.”

பாவம் என்று நினைத்தபடி ‘தவறு’ என்று நோட்டில் குறித்தேன். பூக்கட்டும் பையனாவது, சோழ அரியணையாவது! அவள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

“மாமா, கதையில சேந்தன் அமுதன்தானே நிஜ மதுராந்தகன்! படத்துலதான் அதை எடுத்துட்டாங்க. நீங்க அஞ்சாம் பாகம் படிக்கவே இல்லையா?”

என் பிரதியைப் பற்றி இக்கட்டுரையில் விவரிக்க இடமில்லை.

அவள் படிக்கவில்லையாம், கேட்டாளாம். கல்லூரிப் பேருந்தில் போக ஒரு மணி, வர ஒரு மணி, காதில் ஆடியோ புத்தகம். ஐந்து பாகமும் முடிந்து, இப்போது ‘சிவகாமியின் சபதம்’ ஓடுகிறதாம். காதால் படிப்பவர்கள் பக்கத்தில் கறை விடுவதில்லை. மூன்று மாத உழைப்பு ஒரு நொடியில் சரிந்ததாக எண்ணி நோட்டை மூடப் போனேன்.

“வேணும்னா நீங்களும் கேளுங்க” என்று இயர்போனைக் கழற்றி நீட்டினாள். வெள்ளை ரப்பர் முனையில், விரல் படும் இடத்தில், செம்மஞ்சள் நிறத்தில் டெல்லி அப்பளத்து மிளகாய்ப்பொடி.

நோட்டைத் திரும்பப் பிரித்தேன்.